வாசலுக்கு வந்த பெரிய அணில்

“சர்ர்... சர்ர்...” இருட்டிய பிறகு, வளைக் கதவை எதுவோ பிறாண்டியது.

தும்பை என்ற முயல் தாழ்ப்பாள் போட ஓடினாள். மூன்று குட்டிகள், பிறந்து ஐந்து நாள்தான், கண்கூடத் திறக்கவில்லை. துணைக்கு இருந்தவர் அடுத்த வளை ஆமையார் மட்டுமே. அவரோ தாழ்ப்பாள் குச்சியின் மேலேயே வயிற்றைப் பரப்பிப் படுத்திருந்தார்.

“ஐயா, கொஞ்சம் நகருங்க! தாழ்ப்பாள் போடணும்!”

“வந்தவர் யாரென்று தெரியாமல் தாழ்ப்பாள் போடுவது மரியாதையா அம்மா?” என்றார் ஆமையார். அந்தக் காட்டு வழக்கப்படி, வந்தவர் கேட்டவுடன் பெயர் சொல்ல வேண்டும். “வாங்க” என்று அழைத்த பிறகே உள்ளே நுழைய வேண்டும். “யாரங்கே?” என்று குரல் கொடுத்தார்.

“நரி!”

தும்பை குட்டிகளின் மேல் கவிழ்ந்துகொண்டாள். ஆமையார் சிரித்தார்.

“பயப்படாதே! நான் நூறு நரிகளிடம் பேசியிருக்கிறேன். தொண்ணூற்றேழு பொய் சொல்லின. ஆகவே நரி சொன்னால் பொய். இவர் தன்னை நரி என்கிறார். அது பொய். ஆகவே இவர் நரி இல்லை!”

“சத்தியமாக நான் நரிதான்!” வெளியே குரல் கம்மியது.

“சத்தியம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் பொய்யர்கள். இன்னும் உறுதியாகிவிட்டது!”

கதவிடுக்கில் ஒரு வால் புசுபுசுவென்று நுழைந்தது. “இதையாவது பாருங்கள்!”

“இந்தக் காட்டுப் புசுபுசு வால்களில் அணில் வால்தான் அதிகம். பாவம், பெரிய அணில்!”

தும்பைக்குப் பொறுக்கவில்லை. “அவர் நரி இல்லைன்னா, பொய்யர்னு எதை வச்சுச் சொன்னீங்க? நரிங்கிறதாலதானே?”

ஆமையார் தலையை உள்ளே இழுத்தார். “அது... யோசிக்க வேண்டும்.”

“உங்களுக்கு ஓடு இருக்கு, யோசிக்கலாம்! என் பிள்ளைகளுக்கு என்ன இருக்கு?”

அவள் கதவருகே வாய் வைத்தாள். “ஐயா, எதுக்கு வந்தீங்க?”

“பசிக்கிறதம்மா. இங்கே மூன்று குட்டிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.”

“எவ்வளவு வெளிப்படையான பேச்சு! நரியாக இருக்கவே முடியாது!” என்றது ஓட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

“நரியோ அணிலோ, நீங்க சொல்றதை நான் நம்புறேன்” என்றாள் தும்பை.

வெளியே மூக்கு உறிஞ்சும் சத்தம். “அம்மா! இந்தக் காட்டில் என் பேச்சை நம்பிய முதல் ஆள் நீங்கள்தான்!”

உருகிப்போன ஆமையார் தலையை நீட்டி, “வா...” என்று வாயெடுத்தார். தும்பை பின்னங்கால்களைச் சேர்த்து ஓர் உதை விட்டாள். மூலையில் போய் மல்லாந்தவர், “...ங்க!” என்று முடித்தார். அதற்குள் தும்பை தாழ்ப்பாளைப் போட்டுவிட்டாள்.

நூறு பேரைப் பார்த்துச் சொன்ன கணக்கு அந்த நூறு பேருக்குத்தான்; வாசலில் நிற்கும் ஒருவரை அவருடைய சொல்லையும் செயலையும் கொண்டே எடைபோட வேண்டும், அதுவரை கதவு உள்ளே தாழிட்டே இருக்கட்டும்.