பச்சோந்தி கழுவிய ஊதா

மலையடிவாரக் காட்டில் ஒரு சுனை இருந்தது. சுனைக்கரையில் ஒரு பாறை. பாறைமேல் ஒரு நுண்ணோக்கி. அதன் பக்கத்தில், அதைத் தானே பெற்றுப்போட்டது போன்ற பெருமையோடு, பல்வண்ணன் என்ற பச்சோந்தி உட்கார்ந்திருந்தது.

நுண்ணோக்கி காட்டுக்கு எப்படி வந்தது? ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் சுனையோரம் கூடாரம் போட்டிருந்தார்கள். பெருமழை பிடித்துக்கொண்டதும் விழுந்தடித்து ஓடினார்கள். நுண்ணோக்கி, கண்ணாடித் துண்டுகள், சாயப் புட்டிகள் எல்லாம் அப்படியே கிடந்தன. கூடாரத்தை எட்டி எட்டிப் பார்த்தே பழகிய விலங்குகளுக்கு வேலை எப்படி நடக்கும் என்று தெரியும்.

புண்ணிலிருந்து ஒரு துளி சீழ் எடுத்துக் கண்ணாடியில் தடவ வேண்டும். தணலில் லேசாக வாட்ட வேண்டும். ஊதாச் சாயம் ஊற்ற வேண்டும். அது கெட்டியாகப் பிடிக்க அயோடின் ஊற்ற வேண்டும். அப்புறம் சாராயம் விட்டுக் கழுவ வேண்டும். வழிகிற சாராயம் தெளிந்ததும் நிறுத்திவிட வேண்டும். கடைசியில் சிவப்புச் சாயம். அவ்வளவுதான்.

கண்ணுக்குத் தெரியாத கிருமிகளில் இரண்டு வகை உண்டு. ஒரு வகைக்குத் தடித்த சுவர். அது ஊதாவை உள்ளே வைத்துக்கொண்டு லேசில் விடாது. இன்னொரு வகைக்கு மெல்லிய சுவர். சாராயம் பட்டதும் ஊதாவைக் கைவிட்டு, பின்னால் வரும் சிவப்பை வாங்கிக்கொள்ளும். தடித்த சுவர்க்காரனுக்குக் கூடாரத்து ஆட்கள் ‘கிராம் பாசிட்டிவ்’ என்று பேர் சொன்னார்கள். விலங்குகளுக்கு அந்தப் பேர் வாயில் நுழையவில்லை. ஊதாக்காரன், சிவப்புக்காரன் என்று வைத்துக்கொண்டன.

ஊதாக்காரனுக்கு ஒரு மரப்பட்டை மருந்து. சிவப்புக்காரனுக்கு ஒரு வேர் மருந்து. மாற்றிக் கொடுத்தால் கேட்காது. இரண்டையும் அரைத்துக் கொடுப்பது மருந்துக்காரி மந்தி.

“நிறம் பார்க்கிற வேலைதானே! நிறத்தைப் பற்றிப் பச்சோந்தியைவிட யாருக்குத் தெரியும்?” என்று விலங்குகள் கூடிப் பேசி, பல்வண்ணனைப் பாறைமேல் ஏற்றி உட்கார வைத்தன. நிறம் மாறத் தெரிந்தவனுக்கும் நிறம் பார்க்கத் தெரிந்தவனுக்கும் வித்தியாசம் தெரியாத கூட்டம்! அதற்கு வேறு என்ன தோன்றும்?

ஒரு நாள் காலையில் பேச்சி என்ற தாய்க்கரடி சுனைக்கு வந்தது. முதுகில் அதன் குட்டி உருளான் தொங்கிக்கொண்டிருந்தது. தேன்கூடு தேடிப் போன குட்டியின் பாதத்தில் முள் ஏறிவிட்டது. பாதம் பலாப்பிஞ்சு மாதிரி வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. பேச்சிக்கு இருப்பது இந்த ஒரே குட்டி.

பேச்சிக்குப் பச்சோந்தியைக் கண்டாலே ஆகாது. பாறைமேல் சாம்பல், இலைமேல் பச்சை, சருகுமேல் பழுப்பு. யானை வந்தால் யானை சொல்வது சரி, சிறுத்தை வந்தால் சிறுத்தை சொல்வது சரி. இப்படி ஒரு பிறவியா என்று பேச்சி பல தடவை காறித் துப்பியிருக்கிறது. ஆனால் குட்டிக்கு முடியவில்லையே! வேறு வழியில்லாமல் வந்து நின்றது.

“ஏ பல்வண்ணா! எம்புள்ள காலைப் பாரு. ராவெல்லாம் முனகிக்கிட்டே கிடக்கான்!”

“பதற்றம் வேண்டாம் அம்மா! என்னிடம் வந்துவிட்டீர்கள் அல்லவா? இனிக் கவலை எதற்கு?” என்றது பல்வண்ணன்.

அது சீழைக் கண்ணாடியில் தடவியது. வாட்டியது. ஊதாவை ஊற்றியது. அயோடினை ஊற்றியது. பிறகு சாராயப் புட்டியைச் சாய்த்தது. கண்ணாடியிலிருந்து முதலில் கரும் ஊதாவாக வழிந்தது. பிறகு இளம் ஊதாவாக வழிந்தது. பிறகு சுனைத்தண்ணீர் போலத் தெளிந்து சொட்டியது. கண்ணாடியின் நடுவே மட்டும் ஊதா அசையாமல் நின்றது.

“தெளிஞ்சிருச்சு! நிறுத்து!” என்றது பேச்சி.

பல்வண்ணன் நிறுத்தவில்லை. மேலும் மேலும் ஊற்றியது.

“ஏய்! தெளிஞ்சா நிறுத்தணும்னு அணில்குஞ்சுக்குக்கூடத் தெரியுமே!”

பல்வண்ணன் சிரித்தது. “தெளிந்த மாதிரி இருக்கும் அம்மா. அதெல்லாம் ஊதாவின் பாசாங்கு! இந்த உலகத்தில் எவனாவது ஒரே நிறத்தைக் கட்டிக்கொண்டு இருப்பானா? என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை நிறம் பார்த்தவன் நான்! ஒன்றையாவது பிடித்து வைத்துக்கொள்ள முடிந்ததா? எனக்கே முடியாதது இந்தத் தூசிக்கு முடியுமா? இன்னும் கொஞ்சம் ஊற்றினால் தானாக விட்டுவிடும், பாருங்கள்!”

ஊற்றிக்கொண்டே இருந்தால் எதுதான் விடாது? நடுவில் நின்ற ஊதாவும் கரைந்து வழிந்தது. பல்வண்ணன் சிவப்புச் சாயத்தை ஊற்றியது. ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, நுண்ணோக்கியில் ஒரு கண்ணை வைத்தது. மற்றொரு கண்ணைக் கூட்டத்தின்மேல் சுழலவிட்டது. நாலு பேர் பார்க்கிறார்களா என்று தெரிய வேண்டுமே அதற்கு!

“குண்டு குண்டாக இருக்கிறது. காட்டுத் திராட்சைக் குலை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிறம், சிவப்பு!” என்று அறிவித்தது.

பேச்சியும் எட்டிப் பார்த்தது. குலைகுலையாக இருந்தது உண்மைதான். சிவப்பாக இருந்ததும் உண்மைதான். என்ன சொல்ல முடியும்? முணுமுணுத்துக்கொண்டே மந்தியிடம் போனது.

“ஐயா சிவப்புன்னு சொல்லிட்டாருன்னா வேர்தான் அக்கா” என்று மந்தி வேர் மருந்தை அரைத்துக் கொடுத்தது.

உருளான் அதைக் குடித்தது. குமட்டியது. குடித்தது. வீக்கம் வடியவில்லை. பாதத்தில் இருந்தது முழங்காலுக்கு ஏறியது. குட்டி தேனடையைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. தேனை வேண்டாம் என்கிற கரடிக்குட்டி பிழைக்குமா?

அப்போது அந்தப் பக்கமாக ஒரு முயல் வந்தது. பேர் செம்பி. குட்டியின் காலைப் பார்த்துவிட்டு நின்றது.

“அக்கா, எம்மகளுக்கும் இப்படித்தான் கழுத்துல கட்டி வந்துச்சு. பல்வண்ணர் சிவப்புன்னாரு. வேர்தான் குடுத்தேன். மழை விடுறதுக்குள்ள போயிட்டா.”

பேச்சி நிமிர்ந்தது. “உனக்கும் சிவப்பா?”

“உடும்புக்கும் சிவப்பு. காட்டுப்பன்றிக்கும் சிவப்பு. எல்லாருக்கும் சிவப்புதான் அக்கா.”

“ஏன் செம்பி, அந்த ஆளு உட்கார்ந்ததுல இருந்து ஒருத்தருக்காவது ஊதா வந்துச்சா?”

முயல் யோசித்தது. காதைத் தொங்கவிட்டது. “இல்லக்கா.”

பேச்சிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பச்சோந்திமேல் மட்டும் இல்லை, தன்மேலும்தான். தெளிந்ததைக் கண்ணால் பார்த்தும் அது சிவப்பு என்றதை நம்பிக்கொண்டு வந்தோமே! அது குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு சுனைக்கு நடந்தது. முயலும் பின்னாலேயே ஓடியது. கரடி கோபமாகப் போவதைப் பார்த்ததும் காடே வேடிக்கை பார்க்கத் திரண்டது. இதற்கு மட்டும் ஒரு குறையும் இல்லை!

“பல்வண்ணா! ரெண்டு கண்ணாடி எடு. ஒரே சீழு. ஒண்ணை நீ கழுவு, ஒண்ணை நான் கழுவுறேன்!”

“கரடிக்கு எதற்கம்மா இந்த நுட்பமான வேலை? உங்கள் கைநகத்துக்குக் கண்ணாடி தாங்குமா?” என்று பல்வண்ணன் நக்கலாகக் கேட்டது. கூட்டத்தில் நரி இளித்தது. பேச்சி திரும்பி ஒரு பார்வை பார்த்தது. நரி கப்சிப்.

மந்தி மெல்ல முன்னால் வந்தது. “அக்கா, உங்க கண்ணாடி ஓரத்துல கொஞ்சம் சாணியும் தடவுங்க. சாணியில ரெண்டு வகையும் இருக்கும். கழுவினது சரியா இருந்தா ஊதாவும் நிக்கும், சிவப்பும் வரும். கூடாரத்துக்காரங்க அப்படித்தான் செய்வாங்க.”

“இதை இத்தனை நாளா ஏன்டி சொல்லலை?”

“ஐயா கோவிச்சுக்குவாருன்னு…”

“நல்லா இருக்கு! அவரு கோவிச்சுக்கக் கூடாதுன்னு எங்க புள்ளைங்க சாகணுமா?”

மந்தி தலையைக் குனிந்துகொண்டது. குனியாமல் என்ன செய்யும்?

இரண்டு கண்ணாடியும் தயாராயின. பேச்சி ஒரு பக்கம் சீழையும் மறுபக்கம் சாணியையும் தடவியது. இரண்டையும் வாட்டி, ஊதாவும் அயோடினும் ஊற்றிய பிறகு பேச்சி சாராயத்தை மெல்லச் சாய்த்தது. வழிந்தது தெளிந்ததும் புட்டியை நிமிர்த்திவிட்டது. பல்வண்ணன் வழக்கம் போலப் புட்டி காலியாகும்வரை ஊற்றியது. பிறகு இரண்டுக்கும் சிவப்புச் சாயம் ஊற்றின.

முதலில் மந்தி பார்த்தது. பல்வண்ணனின் கண்ணாடியில் சிவப்புக் குலைகள். பேச்சியின் கண்ணாடியைப் பார்த்தது. “அய்யோ!” என்று கத்தியது.

“என்னடி?”

“ஊதா அக்கா! குலைகுலையா, நாவப்பழம் பழுத்து நிக்கிற மாதிரி, அத்தனையும் ஊதா!”

“பார்த்தீர்களா! அவள் கழுவவே இல்லை! அதனால்தான் எல்லாம் ஊதா!” என்று பல்வண்ணன் துள்ளியது.

“அப்படின்னா சாணிப் பக்கத்தைப் பாரு மந்தி!”

மந்தி கண்ணாடியை நகர்த்தியது. “இங்க சிவப்புக் குச்சியும் இருக்கு, ஊதாக் குண்டும் இருக்கு. ரெண்டும் கலந்து கிடக்கு. கழுவினது சரிதான். விட வேண்டியது விட்டிருக்கு. நிக்க வேண்டியது நின்னிருக்கு.”

ஒவ்வொன்றாக எல்லா விலங்கும் வந்து பார்த்தன. ஒரே புண்ணின் சீழ்தான். கரடியின் கண்ணாடியில் ஊதா, பச்சோந்தியின் கண்ணாடியில் சிவப்பு. மந்தி அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. ஓடிப்போய்ப் பட்டை மருந்தை அரைத்து வந்து உருளானின் வாயில் ஊற்றியது.

பல்வண்ணன் என்ன செய்தது தெரியுமா? ஒருமுறை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. தலையிலிருந்து வால்வரை ஊதாவாக மாறியது!

“நானும் அப்போதே ஊதா என்றுதான் நினைத்தேன்! குலையாக இருக்கிறதே, தடித்த சுவர்க்காரனாகத்தான் இருக்கும் என்று மனதுக்குள் பட்டது. உங்கள் வாயால் வரட்டும் என்றுதான் விட்டேன்!”

தூ! வெட்கம் என்று ஒன்று அந்த உடம்பில் எந்த மூலையிலாவது இருந்திருந்தால், அது எந்த நிறத்தில் இருந்திருக்கும்?

பேச்சி கையை ஓங்கியது. அதற்குள் முயல் குறுக்கே வந்தது. அது பாறைக்குக் கீழே நின்று, பச்சோந்தியை நிமிர்ந்து பார்த்தது.

“பல்வண்ணரே, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்” என்றது செம்பி. “எம்மகளோட கட்டியிலயும் குலைகுலையாத்தான் இருக்குன்னு சொன்னீங்க. ரொம்ப நேரம் ஊத்துனீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். அதுவும் ஊதாதானா?”

கூட்டம் பாறையை நெருங்கி வந்தது.

பல்வண்ணனின் ஒரு கண் முயலைப் பார்த்தது. இன்னொரு கண் தப்பிக்க வழி பார்த்தது. ஊதாவாக இருந்த உடம்பு சிவந்தது. பழுப்பானது. பச்சையானது. மறுபடி சாம்பலானது. எந்த நிறத்துக்குள் ஒளிந்தாலும் அந்த முயலின் கண் விடவில்லை.

பேச்சி ஓங்கிய கையை இறக்கியது. “அடிச்சா என் கைதான் அழுக்காகும். எறங்கு!” என்றது.

பச்சோந்தி பாறையிலிருந்து இறங்கிப் புதருக்குள் போனது. யாரும் அதைத் தேடவில்லை. அன்றிலிருந்து கண்ணாடி கழுவும்போது பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்க வேண்டும், ஓரத்தில் சாணி தடவ வேண்டும், “தெளிந்தது, நிறுத்து!” என்று யார் சொன்னாலும் நிறுத்த வேண்டும் என்று காட்டில் முடிவானது. இந்தப் புத்தி முதலிலேயே வந்திருக்கக் கூடாதா?

உருளானின் வீக்கம் மெல்ல வடிந்தது. ஒரு காலையில் அது பாதத்தைத் தரையில் ஊன்றி, வலியில் ஊளையிட்டு, மறுபடி ஊன்றியது. பிறகு நொண்டிக்கொண்டே தேனடையை நோக்கி ஓடியது. பேச்சி அழுதுகொண்டே சிரித்தது. தூரத்தில் நின்று அதைப் பார்த்த செம்பி, நல்லபடியாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத் தனியாகத் தன் புதருக்குத் திரும்பியது.

தன்னால் முடியாதது யாராலும் முடியாது என்று நினைப்பவன் கையில் சோதிக்கும் வேலையைக் கொடுத்தால், உண்மையும் தன்னைப் போல நிறத்தை விடும் வரை அவன் கழுவிக்கொண்டேதான் இருப்பான்.