கொலுமண்டப வாசலில் இரண்டு ஜோடி பூட்ஸ்

வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கினாலும் இறங்கினார், நம் கடற்கரைக்கு நிம்மதி போயிற்று. போர்த்துக்கீசியர் பின்னாலேயே டச்சுக்காரர் வந்தார்கள். இங்கிலீஷ்காரரும் டேனிஷ்காரரும் வந்தார்கள். கடைசியாகப் பிரெஞ்சுக்காரரும் வந்து சேர்ந்தார்கள். எல்லோருக்கும் மிளகு வேண்டும், துணி வேண்டும். அதைவிட முக்கியம், அடுத்தவனுக்கு அது கிடைக்கக் கூடாது. இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்ற அந்தக் காலத்தில் நடந்தது இது.

தெற்குச் சீமையில் நெடுங்கரைப் பாளையம் என்று ஒரு குட்டி ராஜ்யம். வீரபெருமாள் அதன் ராஜா. அவருடைய கொலுமண்டபத்தில் முன்னோர் வாளைப் பீடத்தில் வைத்துப் பூசை செய்து வந்தார்கள். அதனால் காலணியோடு யாரும் உள்ளே வருவதில்லை. மதுரை நாயக்கரின் படைத்தலைவரே வாசலில் செருப்பை விட்டுவிட்டுத்தான் வந்தாராம்.

அப்பேர்ப்பட்ட மண்டபத்துக்கு ஒரே நாளில் இரண்டு வெள்ளைக்காரர்கள் வருவதாகச் சேதி வந்தது. ஒருவர் இங்கிலீஷ் காப்டன் ஆர்வுட். இன்னொருவர் பிரெஞ்சுக் காப்டன் பெர்தோ. இருவருக்கும் துறைமுகத்தில் பண்டகசாலை கட்ட அனுமதி வேண்டும். இருவர் பின்னாலும் சிப்பாய்கள், பீரங்கிகள்.

ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளைக்காரர் மரியாதை தலையில். தொப்பியைக் கழற்றுவார்கள், பூட்ஸைக் கழற்ற மாட்டார்கள். நம் மரியாதை காலில். பக்கத்துப் பாளையத்தில் ஒரு காப்டனிடம் பூட்ஸைக் கழற்றச் சொன்னார்கள். அவனுக்கு ரோஷம் வந்து பீரங்கியைத் திருப்பிவிட்டான். அந்தக் கோட்டைக்கு இன்னும் கதவு கிடையாது.

கழற்றச் சொல்லாமல் விட்டாலும் வம்புதான். "பூட்ஸ் கால் பட்ட மண்டபத்தில் நாங்கள் வந்து வணங்க மாட்டோம்" என்று பங்காளிகள் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். பங்காளிகள் வணங்காவிட்டால் அவர் என்ன ராஜா?

தளவாய் குருவப்பருக்கு இதுதான் சமயம். ராஜாவின் தூதரான உலகநாத பிள்ளையின் பெயரைக் கேட்டாலே தளவாய்க்கு வயிறு எரியும்.

"மகாராஜா, நம்ம பிள்ளைவாள் இருக்கும்போது என்ன கவலை? வாய்ச்சாலகத்துக்கு அவரை அடிச்சுக்க ஆள் உண்டா? ஆனா ஒண்ணு. கழற்றச் சொல்லவும் கூடாது, வாசலை மறிக்கவும் கூடாது. அவங்களா கழற்றணும்!"

ராஜா பிள்ளையைப் பார்த்தார். "முடியுமா ஓய்?"

"முயற்சி பண்ணறேன், மகாராஜா."

"முயற்சி யாருக்கு வேணும்? ஒரு பூட்ஸ் உள்ளே வந்தாலும் நீர் குடும்பத்தோட பாளையத்தை விட்டு வெளியே போயிரும்!"

தளவாய் மீசையைத் தடவிக்கொண்டார். பாவம் பிள்ளை! நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு அந்த வயதில் எங்கே போவார்?

மறுநாள் காலை பிள்ளை, பேச்சை மொழிபெயர்க்க ஒரு துபாஷியோடு பெர்தோவின் கூடாரத்துக்குப் போனார். வெற்றிலை போட்டு முடிக்கும் நேரம்கூட இருக்கவில்லை; திரும்பிவிட்டார். ஆர்வுட்டின் கூடாரப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை.

கொலு கூடியது. முதலில் பெர்தோ வந்தார். வாசலில் நின்றார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. தாமாகவே குனிந்து பூட்ஸைக் கழற்றினார்! வெள்ளைக் காலுறையோடு உள்ளே போய், முன்னோர் வாளுக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டு, ராஜாவின் வலப்பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்தார். பங்காளிகள் "ஆகா!" என்றார்கள். தளவாயின் கை மீசையிலேயே நின்றுவிட்டது.

அடுத்து ஆர்வுட். பிள்ளை துபாஷியோடு வாசலுக்கு ஓடினார்.

"வாங்க துரை, அப்படியே உள்ளே வாங்க!"

ஆர்வுட் காலைத் தூக்கினார். கண்ணில் அந்தப் பூட்ஸ் பட்டது. தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

"இது யாருடையது?"

"பிரெஞ்சு துரையோடது. அவங்க பிரியத்துக்குக் கழற்றினாங்க. எங்க பங்காளிகளுக்கு அதில் ரொம்ப சந்தோஷம். நீங்க அதையெல்லாம் கண்டுக்காதீங்க, பூட்ஸோடேயே வாங்க."

ஆர்வுட் உள்ளே எட்டிப் பார்த்தார். பெர்தோ பங்காளிகளுக்கு நடுவில் புது மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். பண்டகசாலை கைநழுவிப் போவது ஆர்வுட்டுக்குக் கண்கூடாகத் தெரிந்தது. சட்டென்று குனிந்து தம் பூட்ஸையும் இழுத்துக் கழற்றினார்.

கழற்றிய பிறகுதான் பார்த்தார்: காலுறையில் ஓட்டை, கட்டைவிரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வெட்கம் தாங்காமல் அதையும் உருவி எறிந்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே நடந்தார்.

பெர்தோ துள்ளி எழுந்தார். இங்கிலீஷ்காரன் மரியாதையில் தன்னை ஒரு படி மிஞ்சிவிட்டான் என்று அவருக்குப் பட்டது. அங்கேயே, அத்தனை பேர் முன்னால், தம் காலுறையையும் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

"யோசித்துச் சொல்லி அனுப்புகிறேன்" என்று ராஜா இருவருக்கும் பழத்தட்டு கொடுத்து வழியனுப்பினார். அவர்கள் தலை மறைந்ததும் பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஓய், ஆர்வுட் கழற்றினது புரியுது. பெர்தோவைப் பார்த்துக் கழற்றினான். பெர்தோ யாரைப் பார்த்துக் கழற்றினான்? அவன்கிட்ட என்னய்யா சொன்னீர்?"

"கழற்றுங்கன்னு சொல்லலை, மகாராஜா. 'இங்கிலீஷ் துரை எங்க கொலுவுக்குப் பூட்ஸைக் கழற்றிட்டு வர்றாங்க, நீங்க உங்க வசதிப்படி வாங்க'ன்னேன்."

தளவாய் பாய்ந்தார். "கேட்டீங்களா மகாராஜா! ஆர்வுட்டை இவர் பார்க்கவே இல்லை. பச்சைப் பொய்!"

"காலையில பொய்தான், தளவாய்வாள்" என்றார் பிள்ளை. "இப்ப சொல்லுங்க, ஆர்வுட் துரை எப்படி வந்தாங்க?"

ராஜா சிரித்த சிரிப்பில் தலைப்பாகை அவிழ்ந்து விழுந்தது. அதையே எடுத்துப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டார்.