இருமிக்கிட்டே வித்த மகாகனி கிட்டார்

போர்வைய இழுத்துக்கோ யாழி. கால ஆட்டாத. அத்தை கதை சொல்லணும்னா நீ நடுநடுவுல "ம்" போடணும். "ம்" நின்னுச்சுன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன். சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு கிட்டார்க்காரி இருந்தா. பேரு சுகுணா. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா நோம்பின்னு எங்க மேடை போட்டாலும் ரங்கநாதன் மாஸ்டரோட மெல்லிசைக் குழுவுல கிட்டார் வாசிக்கிறது அவதான். ஒரு நாள் அவ வீட்டுக்கு அவளோட பெரிய மாமா வந்தாரு. வந்தவரு சோபாவுல என்ன கெடக்குதுன்னு பாக்காம, "ஸ்ஸ்ப்பா, என்னா வெயிலு"ன்னு உக்காந்தாரு. மடார். கிட்டாரு ரெண்டு துண்டு. மாமாவுக்கு ஒண்ணும் ஆகல.

"ம். மாமா குண்டா?"

உங்கப்பா அளவுக்கு. குறுக்க பேசாத.

அப்புறம் மாஸ்டரு கறாரா சொல்லிட்டாரு. "அம்மிணி, மாரியம்மன் நோம்பிக்கு நல்ல கிட்டாரோட வந்தா உனக்கு மேடையில எடம். இல்லீன்னா கீபோர்டுலயே கிட்டார் சத்தத்தையும் வெச்சு ஓட்டிக்குவேன். ஒருவாட்டி அப்படி ஓட்டிட்டா அப்புறம் உன்னை எதுக்குக் கூப்பிடப் போறேன்?" சுகுணாவுக்கு அழுகையே வந்துருச்சு. மேடையில வாசிக்கிறதத் தவிர அவளுக்கு வேற ஆசையே கெடையாது பாவம். அதுலயும் அவ ஆசப்பட்டது சாதா கிட்டாரு இல்ல. பூரா மகாகனி மரத்துல செஞ்ச கிட்டாரு. அது கீச்சுக் கீச்சுன்னு கத்தாது. வயிறு நெறைய சாப்பிட்டு எந்திரிச்ச ஆளு பேசுற மாதிரி நிதானமாப் பேசும். ஆனா வெலையக் கேட்டா ஒரு சொம்பு தண்ணி குடிக்கணும்.

அப்போ அவளுக்கு ஒரே யோசனை. புதுசா வாங்குறதா, பழசா வாங்குறதா?

"புதுசு."

நீ அப்படித்தான் சொல்லுவ. அவளும் மொதல்ல புதுசுக்குத்தான் போனா. டவுன்ல பெரிய கண்ணாடிக் கடை. உள்ள போனா ஏசி குளுகுளுங்குது. டை கட்டுன ஒரு ஆளு ஓடி வந்தாரு. "கையத் தொடைச்சுக்கங்க மேடம். வளையலக் கழட்டிருங்க மேடம். மூச்சு மேல படாம பாத்துக்கங்க மேடம்." இவ பயந்து பயந்து மீட்டுனா. டிங். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா வந்து ரெண்டு நாள் ஆன மருமக மாதிரி, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுச்சு. "வாசிக்க வாசிக்கத்தான் மேடம் மரம் வாயத் தொறக்கும். வருஷக்கணக்காகும்"னாரு அந்த ஆளு. நோம்பி அடுத்த வாரம். வெலையக் கேட்டா. தண்ணி வாங்கிக் குடிச்சா. வந்துட்டா.

"ம்."

அப்புறம் பழசு. போன்ல ஒரு விளம்பரம், "அசல் மகாகனி, அவசரமா விக்கிறோம்"னு. போனா, ஒரு ஆளு கிட்டார மடியில வெச்சுக்கிட்டு, "கலரப் பாருங்க, கலரப் பாருங்க"ங்கறான். சுகுணா கலரப் பாக்கல. கிட்டார் நடுவுல வட்டமா ஓட்டை இருக்கும்ல, அதோட ஓரத்தப் பாத்தா. நெசமான மரமா இருந்தா அந்த ஓரம் ஒரே பலகையாத் தெரியும். இது எப்படி இருந்துச்சு தெரியுமா? பரோட்டா மாதிரி அடுக்கு அடுக்கா இருந்துச்சு. "ஏனுங்க, இது பிளைவுட்டுங்க. மேல மட்டும் சாயம்"னா. அவனுக்கு வந்துச்சே கோவம். "பொருளு வாங்க வந்தீங்களா, ஓட்டையப் பாக்க வந்தீங்களா?"ன்னு கதவச் சாத்திட்டான். படார்.

"ம்... அப்புறம்?"

அப்புறம் மூணாவதா, கிட்டாரு விக்கிறாங்கன்னு கேள்விப்பட்டு ஒரு வீடு. மில்லுல சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவரு, பேரு குமாரவேலு. அவரு சம்சாரம் அகிலாண்டம். அவங்க வீட்டுக் கிட்டாரப் பாத்ததும் சுகுணா ஓடிப்போய்க் கையில எடுத்துக்கிட்டா. அசல் மகாகனி. ஓரத்தப் பாத்தா ஒரே பலகை. மேல் கம்பிய மீட்டுனா. தும்ம்ம்ம்னு என்னா சத்தங்கற. ஆனா அதுக்குப் பின்னாடியே உள்ளாருந்து ஒண்ணு, கொர்ர்ர்ர்.

உடனே குமாரவேலு, லொக் லொக்.

உள்ள சமையக்கட்டுல ஒரு டம்ளரு விழுந்துச்சு, டங்.

மறுபடி மீட்டுனா. தும்ம்ம், கொர்ர்ர், லொக் லொக், டங். மூணாந்தரமும் அதே. தும்ம்ம், கொர்ர்ர், லொக் லொக், டங். சுகுணா யோசிச்சா. இந்த வீட்டுல கிட்டாருக்கும் இருமலுக்கும் டம்ளருக்கும் அப்படி என்ன சொந்தம்?

அப்போ அவரு, "உறை எடுத்துட்டு வர்றேன் அம்மிணி"ன்னு உள் ரூமுக்குப் போனாரு. இவ சட்டுன்னு கிட்டாரக் கவுத்து, கம்பிய வெலக்கி ஒரு குலுக்கு குலுக்குனா. டொப். மடியில விழுந்துச்சு. என்னன்னு சொல்லு?

"பல்லி."

பல்லி இல்ல. எலுமிச்சம்பழம். காஞ்சு கருத்து, கல்லு மாதிரி, மேல குங்குமம் ஒட்டிக்கிட்டு.

அப்போ அகிலாண்டம் காபியோட வந்தாங்க. பழத்தப் பாத்துட்டாங்க. ஓடி வந்து காதுல குசுகுசுன்னு, "அம்மிணி, அவருகிட்டச் சொல்லிறாத சாமி. ஆயுத பூஜைக்குத் திருஷ்டி படாம இருக்கட்டும்னு நான்தான் உள்ள போட்டேன். எடுக்க மறந்துட்டேன். அது காஞ்சு உருள ஆரம்பிச்சதும், கிட்டாருக்குச் சீக்கு வந்துருச்சுன்னு வாசிக்கிறதயே நிறுத்திட்டாரு. அதுக்கு முன்னாடி என்ன பாடு தெரியுமா? ஒரே பாட்டு. காத்தால அதே, சாயங்காலம் அதே. நல்லாருக்குங்க நல்லாருக்குங்கன்னு சொல்லி எனக்கு வாயே வலிச்சுப் போச்சு. இப்பத்தான் வீடு நிம்மதியா இருக்கு. அந்தக் கொர்ரக் கேட்டு நீ வாங்காமப் போயிருவியோன்னுதான் டம்ளரத் தட்டிவிட்டேன்." சொல்லிட்டு, டம்ளர எடுக்க உள்ள போயிட்டாங்க.

சுகுணாவுக்கு ஒரு பக்கம் சந்தோஷம். சீக்குக் கிட்டாருன்னு சொல்லி வெலையக் கொறைச்சுப் பேசி வாங்கிரலாம். நோம்பி மேடையும் கெடச்சுரும். இன்னொரு பக்கம் மனசு உறுத்துது. பாவம் அந்த மனுசன், நல்ல கிட்டாரப் போய் சீக்குன்னு நெனச்சு விக்கிறாரே. நெசத்தச் சொன்னா அவரு விக்க மாட்டாரு, ஆனா மேடை போனாலும் போகட்டும்னு முடிவு பண்ணிட்டா. அவரு உறையோட வந்ததும் மெதுவா, "ஐயா, இதுக்கு ஒண்ணும் இல்லீங்க. உள்ள ஒரு பழந்தான்..."ன்னா.

அவரு வாசப்பக்கம் பாத்தாரு, சமையக்கட்டப் பாத்தாரு. "ஸ்ஸ். மெதுவாப் பேசு. எனக்குத் தெரியும். அது உருண்ட அன்னிக்கே பாத்துட்டேன்."

"பின்ன ஏனுங்க எடுக்கல?"

"எடுத்தா வாசிக்கணுமே அம்மிணி. ரிட்டயர் ஆன ஜோர்ல பெருசா வாங்கிட்டேன். வெரல் நோகுது, பாட்டு வரமாட்டீங்குது. அவ என்னடான்னா நல்லாருக்கு நல்லாருக்குங்கறா. வர்ற சொந்தக்காரங்க முன்னாடியெல்லாம் வாசிச்சுக் காட்டுங்கங்கறா. அவ ஆசயா கேக்குறப்ப முடியாதுன்னு எப்படிச் சொல்றது? இந்தப் பழந்தான் என் மானத்தக் காப்பாத்துச்சு. சத்தத்தக் கேட்டு நீ ஓடிரக் கூடாதேன்னுதான் இருமுனேன். நீ அதத் திரும்ப உள்ள போடு. வாசக் கேட்டத் தாண்டுற வரைக்கும் இதுக்குச் சீக்கு இருக்கணும்."

"ம்..."

சிரிக்காத, தூக்கம் போயிரும்.

அப்புறம் என்ன. கம்பிய வெலக்கிப் பழத்த உள்ள போட்டா. கொண்டு வந்த காசப் பூராவும் கொறைக்காமக் குடுத்தா. கிட்டாரத் தூக்கிக்கிட்டு நடந்தா. கடகட கடகட. பின்னாடியே லொக் லொக். உள்ளாருந்து டங். தெரு முக்கு திரும்புற வரைக்கும் அந்த ரெண்டு பேரும் விடல.

"சுகுணா பொய் சொன்னாளா அத்தை?"

பொய் சொல்லல. வாயத் தொறக்கல. ரெண்டும் ஒண்ணான்னு நீ காத்தால எந்திரிச்சு யோசி.

அப்புறம் மாரியம்மன் நோம்பி வந்துச்சு. ஊரே கூடியிருக்கு. சுகுணா பழத்த எடுத்துப் போட்டுட்டு மேடையேறி மகாகனியத் தட்டுனா பாரு, தும்ம்ம்ம்னு கடைசி வரிசை வரைக்கும் போச்சு. மாஸ்டரு கீபோர்டுக்காரன நிறுத்தச் சொல்லிட்டு, அவளை மட்டும் ஒரு பாட்டு முழுசா வாசிக்க விட்டாரு. அவ எடம் இனி வேற யாருக்கும் கெடையாது.

மொத வரிசையில யாரு? குமாரவேலும் அகிலாண்டமும். கிட்டாரு கொர்ருன்னு ஒரு வார்த்த சொல்லல. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தரு ஓரக்கண்ணால பாத்துக்கிட்டாங்க. அகிலாண்டம் மெதுவா, "ஏனுங்க, நீங்க வாசிச்சதவிட இந்தப் புள்ள நல்லா வாசிக்குது"ன்னாங்க.

அவரு திரும்பிப் பாத்தாரு. "இத்தன நாளா நல்லாருக்கு நல்லாருக்குன்னயே?"

"நீங்க ஆசயா வாசிச்சீங்களே."

"நீ ஆசயா கேக்குறேன்னுதானடி வாசிச்சேன்."

அவ்வளவுதான். ரெண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாங்க. மேடையில பாட்டு நடக்குறப்ப இதுங்க எதுக்குச் சிரிக்குதுன்னு ஊரே திரும்பிப் பாத்துச்சு.

யாழி?

"ம்ம்..."

கம்பியத் தளத்தியாச்சு, கிட்டாரு உறைக்குள்ள போயிருச்சு, கதையும் போயிருச்சு. நீயும் கண்ண மூடு.