ஏழு வெள்ளைப் புள்ளிகள்

அந்த மடத்தில் ஒரு வழக்கம். குரு அறைக்கதவைச் சாத்திக்கொண்டால் நிஷ்டை. அன்று மணி அடிக்கக் கூடாது. அடுப்படியில் கடுகு தாளிக்கக் கூடாது. இருமல் வந்தால் தோட்டத்துக்குப் போய் இருமிவிட்டு வர வேண்டும். இருபது வருஷமாக இப்படி.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, மூத்த சீடர் மாசிலாமணி கதவைத் தட்டாமலே உள்ளே போனார்.

மாசிலாமணிக்கு வயது ஐம்பத்திரண்டு. தியானத்தில் ரம்பப் பல்லைப் போல மின்னும் ஒளியைக் காண்கிறவர் என்று ஊரில் பேர். அதற்காக வெள்ளிக்கிழமைதோறும் ஜனங்கள் வந்து அவர் காலில் விழுவார்கள். எட்டு வருஷமாக விழுகிறார்கள். அன்றும் வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள்.

அறை இருட்டு. குரு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தலையில் ஈரத்துண்டு.

"சாமி!"

"மெதுவா."

"என் தலைக்குள்ள புள்ளி இருக்காம்."

"யார் சொன்னது?"

"டாக்டர். தலைவலி தாங்கலைன்னு போனேன். ஸ்கேன் எடுத்தார். மூளையில ஏழு வெள்ளைப் புள்ளி."

"அதுக்கு?"

"ஒத்தைத் தலைவலிக்காரங்க பல பேருக்கு இருக்குமாம். வலியால புள்ளி வந்ததா, புள்ளியால வலி வந்ததா, உறுதியாச் சொல்ல முடியாதாம். பெரும்பாலும் ஒண்ணும் செய்யாதாம்."

"அப்ப சரி. போ."

மாசிலாமணி போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அதோட விட்டாரா மனுஷன்? என் ஒளியைச் சொன்னேன். அது வலிக்கு முன்னாடி வர்ற அறிகுறிங்கிறார். சாமிதான் சொல்லணும். அது ஈசன் காட்டினதா, வியாதி காட்டினதா?"

"எவ்வளவு நேரம் தெரியும்?"

"இருபது நிமிஷம்."

"அப்புறம்?"

"மண்டை பிளக்கும். வாந்தி வரும்."

"எனக்கு அரை மணி."

மாசிலாமணிக்கு உடம்பு சிலிர்த்தது. "சாமிக்கும் தரிசனமா!"

குரு தலையணைக்கு அடியில் கையை விட்டார். ஒரு தலைவலி மாத்திரை அட்டையை எடுத்து அவர் மடியில் போட்டார். பாதி காலி.

"அப்ப நிஷ்டை?"

"நீங்க வெச்ச பேர். நான் கதவைத்தான் சாத்தினேன்."

"இருபது வருஷமா மறுக்கலையே, சாமி?"

"மறுத்தா மணி அடிப்பீங்க."

மாசிலாமணி அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு சொன்னார்: "வெளியில நிக்கிறவங்ககிட்ட சொல்லிடறேன். இது வெறும் தலைவலி, வீட்டுக்குப் போங்கன்னு."

"சொல்லு."

"ஒரே ஒரு பயம், சாமி. இத்தனை வருஷத்துல என் மூளை மாறிப்போயிருக்குமோ?"

குரு முனகிக்கொண்டே எழுந்தார். மாசிலாமணி கொண்டுவந்திருந்த ஸ்கேன் உறையிலிருந்து படத்தை உருவினார். ஜன்னலை ஒரு சாண் திறந்து, கண்ணை இடுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏழுதான். கடுகு மாதிரி."

திறந்த ஜன்னல் வழியே வெளியில் நின்ற அம்மாள் ஒருத்தி மாசிலாமணியைப் பார்த்துவிட்டாள். "சாமீ!" என்று அங்கேயே, மண்ணில், நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

மாசிலாமணி உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் வலது கை தானாக எழுந்து ஆசீர்வாதம் செய்தது.

குரு ஜன்னலைச் சாத்தினார். படத்தை உறைக்குள் போட்டு அவரிடம் நீட்டினார்.

"அந்தக் கையைத் தூக்கின புள்ளி இதுல விழலை."