ஆவுடையப்பன் அண்ணாச்சியின் வாய் மோடம்

நர்சிங் காலேஜுக்கு விண்ணப்பம் போட அன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிதான் கெடு. சங்கரன்கோவில்ல என் நெட் சென்டர்ல உக்காந்து பக்கத்துத் தெருப் பிள்ளை முப்பிடாதி எல்லாத்தையும் நிரப்பி முடிச்சுட்டா. அனுப்பப் போற நேரத்துல நெட் போச்சு. ரோட்டுல குழி தோண்டினவன் கேபிளை அறுத்துட்டானாம். பிள்ளை அழவே ஆரம்பிச்சுட்டா.

ஜெராக்ஸ் எடுக்க வந்த ஆவுடையப்பன் அண்ணாச்சி சேரை இழுத்துப் போட்டு உக்காந்தார்.

"இதுக்கா அழுற? அந்தக் காலத்துல டெலிபோன் லைன்லதானே நெட்டு! மோடம்னு ஒரு டப்பா. கம்ப்யூட்டர்ல உள்ள எழுத்தையெல்லாம் கீச்சுக் கீச்சுன்னு சத்தமாக்கி லைன்ல விடும். அந்தப் பக்கத்து டப்பா அதைக் கேட்டு மறுபடி எழுத்தாக்கும். நான் நெட் சென்டர் வச்சிருக்கையில இடி விழுந்து டப்பா கருகிப் போச்சு. விடுவேனா? ரிசீவரை எடுத்து வாயாலயே கத்துனேன்!"

"யாரு பதில் சொன்னா?"ன்னு கேட்டேன்.

"மெட்ராஸ் கம்ப்யூட்டர்தான். எந்த வேகத்துல பேசலாம்னு முதல்ல ரெண்டும் கத்திக் கத்தி முடிவு பண்ணும்லா? 'அண்ணாச்சி, கொஞ்சம் மெதுவா'ன்னு அது என்கிட்ட கெஞ்சிட்டு."

"கெஞ்சும், கெஞ்சும்."

"சும்மா இருலே! வாயால அனுப்புவேன், காதால வாங்குவேன். வேகம் பத்தலைன்னா மூக்கையும் சேத்துக்குவேன். என் தங்கச்சி மகளுக்குப் பாத்த அமெரிக்க மாப்பிள்ளை போட்டோவை நெட்லருந்து அப்படித்தான் இறக்குனேன். தலை, மீசை, கழுத்துன்னு மேலருந்து வரி வரியா வருது. உள்ரூம்ல என் வீட்டுக்காரி இன்னொரு போனை எடுத்துட்டா. லைன் கட்! கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை கார்லருந்து இறங்குறாரு, கழுத்து வரைக்கும்தான் இருக்காரு!"

"ஐயையோ! அப்புறம்?" முப்பிடாதி அழுகையை மறந்துட்டா.

"மண்டபத்து போன்ல விசிலடிச்சு மீதியையும் இறக்குனேன். லைன்ல இரைச்சல், ஒரு கால் செருப்பு மட்டும் வரல."

மணி அஞ்சாகப் போகுது. முப்பிடாதி நெட் இல்லாத தன் பட்டன் செல்போனை அவர் கையில திணிச்சா. "அப்ப என் விண்ணப்பத்தையும் அனுப்புங்க தாத்தா!"

அண்ணாச்சிக்கு முகம் வெளுத்துப் போச்சு. "தொண்டை சரியில்லையேம்மா…"

"அனுப்புங்க!"

கண்ணை மூடிக்கிட்டுக் கத்துனார் பாருங்க, "கீஈஈ… கர்ர்ர்… டொய்ங்!" வாசல்ல படுத்திருந்த நாய் எந்திரிச்சு ஓடிட்டு.

அதே நேரம் நெட் வந்துட்டு! முப்பிடாதி பட்டுன்னு தட்டினா. விண்ணப்பம் போயே போச்சு. அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேந்து வந்துச்சு.

எனக்குத்தான் பொறுக்கல. "அண்ணாச்சி, கேபிளை ஒட்டிட்டான், அதான் நெட் வந்துச்சு. நீங்க போனையே தலைகீழால்லா புடிச்சிருக்கீங்க!"

அண்ணாச்சி போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கோட்டிக்காரப் பயலே, இறக்குறதுக்குத்தான் நேரா புடிக்கணும். ஏத்துறதுக்கு இப்படித்தான்."