சூட்டிகை என்றால் என்ன?

மூங்கில் காட்டில் ஓர் ஓடை. அதன் கரையில் வளை தோண்டி, செம்பி என்ற கீரி தன் மூன்று குட்டிகளோடு வாழ்ந்து வந்தது. மூத்த குட்டியின் பெயர் பொட்டு.

ஒருநாள் மரத்தில் இருந்த மந்தி செம்பியிடம் பேச்சுக் கொடுத்தது. "என் பிள்ளை மகா சூட்டிகை. உன் பிள்ளை எப்படி?"

செம்பி அந்தச் சொல்லை அதுவரை கேட்டதில்லை. "சூட்டிகைன்னா என்ன?"

"இதுகூடத் தெரியாதா? பிடி தவறாமல் கிளைக்குக் கிளை தாவினால் சூட்டிகை."

செம்பிக்குச் சந்தேகம் தீரவில்லை. மானிடம் போய்க் கேட்டது.

"இலை அசைந்ததுமே பாய்ந்து ஓடுகிற பிள்ளையைத்தான் அப்படிச் சொல்வோம்" என்றது மான்.

மீன்கொத்தியோ, "குறி தப்பாமல் தண்ணீரில் குதிக்கணும். அதுதான் சூட்டிகை" என்றது.

செம்பிக்குத் தலை சுற்றியது. ஆனாலும் ஆசை விடவில்லை. பொட்டுவை மரம் ஏறச் சொன்னது. பொட்டு பாதியில் விழுந்தது. தண்ணீரில் குதிக்கச் சொன்னது. மூக்கில் தண்ணீர் ஏறித் தும்மியது. ஓடச் சொன்னது. பொட்டு நடுவழியில் நின்று, தரையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டது.

"என்னடா பண்றே?"

"உள்ளே மண்புழு போகுதும்மா. நல்லாக் கேக்குது."

"சூட்டிகையான பிள்ளை இப்படியா மண்ணில் கிடக்கும்? எழுந்திரு."

அதற்குப் பிறகு, தன் காதில் விழுந்த எதையும் பொட்டு யாரிடமும் சொல்லவில்லை.

ஐப்பசி பிறந்தது. மழை விடாமல் கொட்டியது. ஒரு மத்தியானம் எல்லோரும் வளைக்குள் சுருண்டு கிடந்தார்கள். பொட்டு மட்டும் மண்சுவரில் காதை ஒட்டிக்கொண்டு நடுங்கியது.

"குளிருதாடா?" என்று செம்பி அருகில் வந்தது.

"இல்லம்மா."

"பின்னே, உனக்கு என்ன கேக்குது?"

அம்மா இப்படி விசாரித்ததே இல்லை. பொட்டு தயங்கியது. "சொன்னா திட்டுவியா?"

"மாட்டேன், சொல்லு."

"தண்ணி நமக்கு அடியில வந்துடுச்சும்மா. மண்ணு கொஞ்சங்கொஞ்சமா உதிருது."

செம்பியும் காதை வைத்துப் பார்த்தது. மழைச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்தது. சட்டென்று கடைக்குட்டியைக் கவ்விக்கொண்டு வெளியே ஓடியது. மற்ற இரண்டும் பின்னாலேயே ஓடின.

மேட்டில் ஒரு பாறைக்கு அடியில் போய் ஒதுங்கினார்கள். சற்று நேரத்தில் கரை சரிந்தது. வளை இருந்த இடத்தில் செம்மண் கலந்த வெள்ளம் சுழன்று ஓடியது.

"அம்மா, சூட்டிகைன்னா என்னம்மா?" என்று பொட்டு மெல்லக் கேட்டது.

"யார் யாரையோ போய்க் கேட்டேன். உன்னைக் கேக்காம விட்டுட்டேன்" என்று செம்பி அதன் ஈரக் காதை நக்கிக்கொடுத்தது.

பிள்ளையைப் பார்த்துச் சொல்லுக்குப் பொருள் காண வேண்டும். சொல்லைக் கொண்டு பிள்ளையை அளக்கக் கூடாது.