பூச்சியக்குறி உட்கார்ந்த இடம்

கோவில்பட்டியில் ஒரு நாட்டுமருந்துக் கடையின் பின்னறையில், கணினித் திரைக்குள், ஒரு வானம் இருந்தது.

அந்த வானத்தைப் பிடித்து வந்தவள் கடைக்காரி செண்பகவல்லி. பகலெல்லாம் சுக்கும் திப்பிலியும் நிறுத்துக் கொடுப்பவள், நிலவில்லாத நாட்களில் மொட்டைமாடிக்கு ஏறித் தொலைநோக்கியோடு கேமராவைப் பூட்டி, நெபுலா என்னும் விண்முகில் ஒன்றையே திரும்பத் திரும்பப் படமெடுத்தாள். எடுத்தவற்றையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கினாள். இனி அழுக்கை நீக்கி நிறங்களைச் சமன் செய்ய வேண்டியதுதான் மிச்சம். அதற்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

படத்தின் நடுவே விண்முகிலின் நெஞ்சுப்பகுதி செக்கச் செவேலென்று விரிந்திருந்தது. அதை எல்லோரும் நடுமுகில் என்று அழைத்தார்கள். அதன் பக்கத்தில் வெள்ளை விண்மீன் ஒன்று நிமிர்ந்து நின்றது. தன் வெண்மையில் அதற்கு மிகுந்த பெருமை உண்டு; அந்தப் பெருமை பொய்யும் அல்ல.

இவர்கள் எல்லோர்மீதும் படர்ந்து கிடந்தது ஊர்வெளிச்சம். அது வானத்தைச் சேர்ந்ததல்ல. பேருந்து நிலையத்து விளக்குகளும் கடைத்தெரு விளக்குகளும் மேலே சிந்தியதில் பிறந்து, யாரும் அழைக்காமல் படத்துக்குள் புகுந்துகொண்டது. நிறம் செம்மஞ்சள், குரல் தடித்தது.

இடப்பக்கக் கீழ்மூலையில் ஊர்வெளிச்சம் மிகவும் அடர்ந்திருந்தது. அங்கே, அதற்கு அடியில், மங்கல் இருந்தது. மங்கலும் விண்முகிலின் ஒரு பகுதிதான். நடுமுகிலிலிருந்து நீண்டு வந்த மெல்லிய சிவப்பு. பார்ப்பவர் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. ஆனால் அது கடந்து வந்த தூரம், நடுமுகில் கடந்து வந்த தூரத்துக்கு ஒரு முழமும் குறைந்ததல்ல.

அன்று ஊர்வெளிச்சத்தை வெளியேற்றப் போகிறார்கள் என்ற செய்தி கேட்டுப் படமே மகிழ்ந்தது. மற்ற எவரையும்விட மகிழ்ந்தது மங்கல். தலைமேல் ஏறி உட்கார்ந்திருப்பவன் எழுந்து போனால் தன் முகம் வெளியே தெரியும் என்று அது நம்பியிருந்தது.

வெளியேற்றும் முறை இதுதான். ஊர்வெளிச்சத்தைத் தவிர வேறெதுவும் இல்லாத ஓர் இடத்தைச் செண்பகவல்லி காட்ட வேண்டும். பூச்சியக்குறி என்னும் சின்னஞ்சிறு கட்டம் அங்கே போய் உட்காரும். அங்கு உள்ளது அனைத்தும் அழுக்கே என்று கொண்டு, கணினி அந்த அளவைப் படம் முழுவதிலிருந்தும் கழித்துவிடும். அத்தோடு நில்லாமல், அந்த இடத்தை நிறமே அற்றதாக வைத்து, மற்ற நிறங்களையெல்லாம் அதற்கேற்ப ஏற்றி இறக்கும்.

செண்பகவல்லி படத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். அழுக்கு மிகுந்த கீழ்மூலை கண்ணில் பட்டது. “இங்கதான் ஒண்ணுமே இல்ல” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு குறியை அங்கே வைத்தாள்.

குறி வந்து மங்கலின் நடுநெற்றியில் உட்கார்ந்தது.

மங்கல் திடுக்கிட்டது. பெரியவரிடம் பேசுவதுபோல் அடங்கிய குரலில், “ஐயா, இங்கே நான் இருக்கிறேன்” என்றது.

“இங்கே ஒன்றுமில்லை என்று சொல்லித்தான் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். ஒன்றுமில்லாததோடு நான் பேசுவதில்லை” என்றது குறி.

“இப்போது பேசிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?”

“இது பேச்சல்ல, விளக்கம். விளக்கம் யாருக்கும் சொல்லலாம்.”

ஊர்வெளிச்சத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தானோ போகப் போகிறோம். போகும்போது துணைக்கு ஒருவன் வருகிறான் என்றால் அதற்கு என்ன நட்டம்? “நீயும் சிவப்பு, நானும் ஏறக்குறைய சிவப்பு. நம் இருவரையும் பிரித்துப் பார்க்க இங்கே யார் இருக்கிறார்கள்? நான் பேருந்து நிலையத்துக் கம்பத்தில் பிறந்தவன் என்று ஊரே சொல்லும். நீ எங்கே பிறந்தாய் என்று சொல்ல உனக்கு ஓர் ஆள் உண்டா?” என்று கேட்டது.

ஆள் உண்டென்றுதான் மங்கல் நினைத்தது. நடுமுகிலைக் கூப்பிட்டு, நான் உங்கள் குடும்பம்தான் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கெஞ்சியது. தங்கள் குடும்பம் அவ்வளவு தூரம் நீண்டிருப்பதாகத் தனக்குத் தெரியாது என்று நடுமுகில் பதில் அனுப்பியது. உறவென்று ஒருவரை ஒப்புக்கொண்டால் நாளைக்கு மூலைக்கு ஒருவர் கிளம்பி வருவார்கள் என்றும் சேர்த்துச் சொன்னது.

மங்கல் வெள்ளை விண்மீனின் பக்கம் திரும்பியது.

“என் வேலை வெள்ளையாக இருப்பது. சிவப்புகளின் வழக்கில் எனக்குப் பங்கில்லை” என்றது விண்மீன். அது இரக்கமில்லாமல் சொல்லவில்லை. தனக்குச் சம்பந்தமில்லை என்று மெய்யாகவே நினைத்தது.

செண்பகவல்லி பொத்தானை அழுத்தினாள்.

ஊர்வெளிச்சம் எழுந்து நடந்தது. அதன் கையோடு மங்கலின் நிறமும் உருவிக்கொண்டு போயிற்று. கறுத்த மூலையில் மங்கல், தான் இன்னும் இருக்கிறோமா என்று தனக்கே சொல்லத் தெரியாமல் கிடந்தது.

எல்லாம் முடிந்தது என்று படத்தில் இருந்தவர்கள் மூச்சுவிட்டார்கள். ஆனால் வெள்ளை விண்மீன் தன்னைப் பார்த்துக்கொண்டபோது அதன் முகம் பாசி படிந்ததுபோல் பச்சையாக இருந்தது. நடுமுகிலின் சிவப்பும் செத்து, நாட்பட்ட வெற்றிலைக் காவியின் நிறத்துக்கு வந்திருந்தது.

மோர் கொண்டு வந்த மந்திரமூர்த்தி மனைவியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். “என்ன வல்லி, நட்சத்திரத்துக்குப் பச்சைக் காமாலையா? கடையில கீழாநெல்லி மூட்டையா கிடக்கு. கொஞ்சம் அரைச்சுக் கொடேன்.”

“மோர வச்சிட்டுப் போங்க” என்றாள் அவள்.

அவன் போகவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

உள்ளே பெரிய வாக்குவாதம் எழுந்தது. நடுமுகில் விண்மீனைக் குறை சொன்னது. விண்மீன் நடுமுகிலைக் குறை சொன்னது. கடைசியில் விண்மீன் குறியைக் கூப்பிட்டு, “நீ எதன்மேல் உட்கார்ந்தாய்?” என்று கேட்டது.

“ஒன்றுமில்லாததன் மேல்.”

“ஒன்றுமில்லாததைக் கழித்தால் என்னிடம் எதுவும் குறையக் கூடாதே. என்னிடமிருந்து சிவப்புப் போயிருக்கிறது. அது யாருடைய அளவு?”

குறி தான் உட்கார்ந்திருந்த மூலையைக் குனிந்து பார்த்தது.

மூலையிலிருந்து நைந்த குரலில் பதில் வந்தது. “என்னுடையது. நான் இல்லை என்று வைத்தீர்கள். அதனால் என்னளவு சிவப்பை எல்லோரிடமிருந்தும் எடுத்துக்கொண்டார்கள்.”

விண்மீன் மூலைப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

வெளியே செண்பகவல்லி அவசரமாகச் சீர்செய்யப் பார்த்தாள். பச்சையை இறக்கினாள், விண்மீன் கத்தரிப்பூ நிறமாயிற்று. சிவப்பை ஏற்றினாள், வானம் முழுவதும் செம்மண் கரைத்ததுபோல் கலங்கியது. பளிச்சென்று வெளுக்கச் செய்யும் கருவியை எடுத்தாள். விண்மீன் சுற்றிலும் நீல வளையம் கட்டிக்கொண்டு நின்றது. ஒத்துப்போனால்தான் என்ன என்று நடுமுகில் அதைக் கடிந்துகொண்டது.

“பூசி வெளுக்க நான் சுவர் அல்ல. காரணத்தைத் தீர்க்கட்டும், நானாக வெளுப்பேன்” என்றது விண்மீன்.

செண்பகவல்லிக்குப் பொறுமை போயிற்று. பாழாய்ப்போன அந்த மூலையால்தான் இத்தனையும் என்று தோன்ற, அதை வெட்டி எறிந்துவிட முடிவு செய்தாள். வெட்டுக்கோடு திரையில் இறங்கி வந்தது. மங்கல் கோட்டுக்கு அப்பால் இருந்தது.

மங்கலுக்கு விளங்கிவிட்டது. இதுவரை நடந்ததற்காவது திரும்ப ஒரு வழி இருந்தது. வெட்டியெறிந்த பின் இருந்ததற்கே அடையாளம் இராது. அது கூப்பிடவில்லை. கூப்பிட்டுப் பயனில்லை என்று அதற்கு முன்பே தெரிந்திருந்தது. விண்மீனை மட்டும் ஒருமுறை பார்த்தது. விண்மீன் அசையாமல், பச்சையாகவே, எல்லோரும் பார்க்க நின்றுகொண்டிருந்தது.

செண்பகவல்லியின் கை நின்றது.

“என்ன?” என்றான் மந்திரமூர்த்தி.

“மூலைய வெட்டினாலும் இது பச்சையாத்தான் இருக்கும்.”

“அந்த நட்சத்திரமே பச்சை நட்சத்திரமோ என்னமோ.”

“இல்லங்க. இது வெள்ளைதான். அது எனக்கு நல்லாத் தெரியும். எல்லாத்துலயும் ஒரே அளவு சிவப்பு குறையுது. நம்ம கடைத் தராசு மாதிரி.” அவள் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு மோர் டம்ளரை எடுத்தாள், குடிக்காமல் திரும்ப வைத்தாள். “தட்டுல திப்பிலிப்பொடி ஒட்டியிருக்கையிலேயே பூச்சியம் வச்சிட்டேன். அதான் எத நிறுத்தாலும் குறையுது.”

“அப்ப பொடி எங்க இருக்கு?”

அவள் வெட்டுக்கோட்டை விலக்கினாள். செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்றாள்.

மங்கலுக்கு நிறம் ஊறி வந்தது. ஊர்வெளிச்சம் திரும்பி வந்து தலைமேல் பொத்தென்று உட்கார்ந்தது. முன்பெல்லாம் தாங்கவொண்ணாத அந்தப் பாரம் அன்று சுகமாகவே இருந்தது. “என்னடா, விட்டுப் போகவும் விடமாட்டேன் என்கிறார்கள்” என்று ஊர்வெளிச்சம் முனகியது.

செண்பகவல்லி மூலையைப் பெரிதாக்கினாள். அதன் வெளிச்சத்தை மட்டும் ஏற்றிப் பார்த்தாள். ஊர்வெளிச்சத்துக்கு விளிம்பு கிடையாது. சுவரில் பட்ட எண்ணெய்போல் வழிந்துகொண்டே போகும். அந்தப் பரப்புக்குள் வேறொன்று தெரிந்தது. அதற்கு விளிம்பு இருந்தது, மடிப்பு இருந்தது, நடுமுகிலோடு சேர்க்கும் ஒரு மெல்லிய கையும் இருந்தது.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். “இங்க ஆள் இருக்கு.”

மந்திரமூர்த்தி முக்காலியோடு நகர்ந்து வந்தான். முதலில் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் விரலால் ஓரத்தை வரைந்து காட்டியபோது தெரிந்தது.

அவள் வலப்பக்க மேல்முனையில், விண்முகில் எட்டாத இருண்ட இடம் ஒன்றைத் தேடி எடுத்தாள். அதையும் பெரிதாக்கி, வெளிச்சத்தை ஏற்றிச் சோதித்தாள். மெய்யாகவே அங்கு எவரும் இல்லை. குறியை எடுத்து அங்கே வைத்தாள்.

இம்முறை ஊர்வெளிச்சம் தனியாகப் போயிற்று. வாசல்வரை போய்த் திரும்பி, “பேருந்து நிலையத்துப் பக்கம் வந்தால் என்னைக் கேள், அங்கே எனக்கு வேலை இருக்கிறது” என்று மங்கலிடம் சொல்லிவிட்டுப் போனது. அதன்மேல் மங்கலுக்குக் கோபமில்லை. போன இடத்தில் அது நன்றாக இருக்கட்டும் என்றே நினைத்தது.

மங்கல் வெளியே தெரிந்தது. அடர்த்தியாக அல்ல, அளவோடு, தன் இயல்பான சிவப்பில். அதே கணத்தில் வெள்ளை விண்மீனின் முகத்திலிருந்து பாசி கலைந்தது. யாரும் பூசவில்லை, யாரும் தேய்க்கவில்லை, அது வெள்ளையாயிற்று. நடுமுகிலுக்கு இரத்தம் திரும்பியது. படம் முழுவதும் இறுக்கிக் கட்டிய கச்சையை அவிழ்த்ததுபோல் ஒரு விடுதலை பரவியது.

நடுமுகில் தொண்டையைச் செருமிக்கொண்டு, மூக்கும் முழியும் பார்த்தாலே தெரிகிறதே, நம் வீட்டுப் பிள்ளையல்லவா என்றது. சற்று முன்பு மூக்கும் முழியும் எங்கே போயிருந்தன என்று விண்மீன் விசாரித்தது. நடுமுகில் இன்னும் கொஞ்சம் சிவந்தது. அது நிறச் சமனால் வந்த சிவப்பல்ல.

விண்மீன் மங்கலைப் பார்த்து, “வெள்ளையாக இருப்பது என் வேலை என்று சொன்னேன். நீ இல்லையென்று வைத்தால் அந்த வேலையை என்னால் செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியவில்லை” என்றது.

“எனக்கும் தெரியாது” என்றது மங்கல்.

செண்பகவல்லி மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

பூச்சியக்குறி அடுத்தடுத்த வாரங்களில் வேறு பல படங்களுக்கு அனுப்பப்பட்டது. எங்கே போனாலும் அது எடுத்த எடுப்பில் உட்காருவதை விட்டுவிட்டது. காட்டிய இடத்தின் ஓரத்தில் நின்று, “இங்கே யாராவது இருக்கிறீர்களா?” என்று கேட்கும். பதில் வராவிட்டால், மெல்லப் பேசுகிறவர்களாக இருக்கலாம் என்று நினைத்து, குனிந்து இன்னொரு முறை கேட்கும்.